அடைக்கு ஓர் அடை: ஆங்கிலப் பேச்சில் வினையடையும் பெயரடையும்

ஆங்கிலத்தில் ‘வெரி கோல்ட்’ என்று சொல்லலாம். ‘கோல்ட்’ குளிர் என்றால் ‘ஃப்ரீஸிங்’ உறைய வைக்கும் குளிர். ஆனால் ‘வெரி ஃப்ரீஸிங்’ என்றால் அந்த மொழியிலேயே வளர்ந்தவர் காதுக்கு உறுத்தும். அவர் ‘அப்ஸல்யூட்லி ஃப்ரீஸிங்’ என்பார். அதே அவர் ‘அப்ஸல்யூட்லி கோல்ட்’ என்று சொல்லத் தயங்குவார். ‘கோல்ட்’, ‘ஃப்ரீஸிங்’ இரண்டும் பெயரடைகள். அவற்றுக்கு முன்னால் வரும் ‘வெரி’, ‘அப்ஸல்யூட்லி’ இரண்டும் வினையடைகள். பாடப்புத்தக வரையறையின்படி நான்கு சேர்க்கையுமே பிழையற்றவை. இருந்தும் இரண்டுதான் புழங்குகின்றன.

நம் பள்ளிகளில் பெயரடை ஒரு பாடமாகவும் வினையடை அடுத்த பாடமாகவும் வரும். முதல் பாடத்தில் பெயரை விளக்கும் சொல் என்றும், அடுத்ததில் வினையை விளக்கும் சொல் என்றும் மாணவர் எழுதிக்கொள்கிறார். வினையடை பெயரடையையும் விளக்கும் என்பது கடைசியில் ஒரு வரியாக வந்து போகும். அன்றாட ஆங்கிலப் பேச்சில் அதிகம் காதில் விழுவதோ அந்த ஒரு வரிக்குள் அடங்கிய சேர்க்கைதான். இந்த இணைப்பை விதிகளின் பட்டியலாகக் கற்பித்தால் பலன் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு பெயரடையும் தனக்குள் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. எந்த வினையடை அதனோடு சேரும் என்பதில் பாதியை அந்த அளவுகோல் தீர்மானிக்கிறது, மீதிப் பாதியைப் பழக்கம் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் குழப்பம் தெளியும்.

முதலில் அமைப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட ‘தி ஃபிலாஸஃபி ஆஃப் கிராமர்’ நூலில் சொற்களுக்கு மூன்று படிநிலைகள் வகுத்தார். ‘எக்ஸ்ட்ரீம்லி ஹாட் வெதர்’ என்பதில் ‘வெதர்’ முதல் படி. அதைச் சார்ந்து நிற்கும் ‘ஹாட்’ இரண்டாம் படி. ‘ஹாட்’டைச் சார்ந்து நிற்கும் ‘எக்ஸ்ட்ரீம்லி’ மூன்றாம் படி. ‘எக்ஸ்ட்ரீம்லி’க்கும் ‘வெதர்’க்கும் நேரடி உறவு கிடையாது. இந்த ஒரு பார்வையே பல பிழைகளைத் தடுக்கும். ‘எக்ஸ்ட்ரீம் ஹாட் வெதர்’ என்று எழுதும் மாணவர், மூன்றாம் படிக்கு உரிய சொல்லை இரண்டாம் படியின் உருவத்தில் வைத்துவிடுகிறார்.

இனி அளவுகோல். ராண்டால்ஃப் க்வர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் அளவு வினையடைகளை இரண்டு பெருங்கூட்டமாகப் பிரிக்கிறது. ஒன்று அளவை மேலே ஏற்றுபவை: ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’, ‘கம்ப்ளீட்லி’, ‘அட்டர்லி’. மற்றது அளவைத் தணிப்பவை: ‘ஸ்லைட்லி’, ‘ஃபேர்லி’, ‘ஆல்மோஸ்ட்’, ‘ஹார்ட்லி’. ஏற்றுபவற்றிலும் இரு வகை உண்டு. ‘வெரி’ அளவை உயர்த்தும், ஆனால் உச்சம் எது என்று சொல்லாது. ‘கம்ப்ளீட்லி’ நேரே உச்சத்தைத் தொடும்.

பெயரடைகளும் இதற்கு ஈடாகப் பிரிகின்றன. ‘கோல்ட்’, ‘லாங்’, ‘ஹேப்பி’ போன்றவற்றுக்கு எல்லை இல்லை. எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைவிட நீளமான ஒன்று இருக்கலாம். ஆகவே ‘வெரி லாங்’ இயல்பு, ‘கம்ப்ளீட்லி லாங்’ அர்த்தமற்றது. ‘எம்ப்டி’, ‘ஃபுல்’, ‘டெட்’ போன்றவற்றுக்கு எல்லை உண்டு. பாத்திரம் முழுதும் காலியான பிறகு அதைவிடக் காலியாக முடியாது. இவற்றோடு ‘கம்ப்ளீட்லி எம்ப்டி’, ‘ஆல்மோஸ்ட் ஃபுல்’ என்பவை சேரும். மூன்றாவது கூட்டம் ‘ஃப்ரீஸிங்’, ‘என்னார்மஸ்’, ‘டெரிஃபிக்’ போன்றவை. அளவுகோலின் உச்சத்தை இவை ஏற்கெனவே தமக்குள் வைத்திருப்பதால் ‘வெரி’ தேவைப்படுவதில்லை. ‘அப்ஸல்யூட்லி’ வந்து உச்சத்தை அழுத்திக் காட்டும். கரிட்டா பாரடிஸ் 1997இல் பிரிட்டிஷ் பேச்சு ஆங்கிலத்தை ஆராய்ந்து எழுதிய நூல் இந்த ‘எல்லை உண்டு, எல்லை இல்லை’ என்ற வேறுபாட்டைத்தான் மையமாகக் கொண்டது. வினையடையும் பெயரடையும் தம் எல்லைப் பண்பில் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் காட்டும் உண்மை. ‘க்வைட்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள் தருவதற்கான காரணமும் இதற்குள்ளேயே கிடைக்கிறது. ‘க்வைட் இம்பாஸிபிள்’ என்றால் அறவே முடியாது. ‘க்வைட் குட்’ என்றால் பரவாயில்லை. ‘இம்பாஸிபிள்’ எல்லை உள்ள சொல், ‘குட்’ எல்லை இல்லாத சொல்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே ‘க்வைட் குட்’ ஒரே அளவைக் குறிப்பதில்லை. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் மிக நன்று என்று பொருள். ஆங்கிலேயர் சொன்னால் குரலைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் ‘குட்’டில் விழுந்தால் பாராட்டு. ‘க்வைட்’டில் விழுந்தால், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்… என்று இழுக்கும் குரல். ‘ஃபேர்லி’யும் ‘ராதர்’ரும் இதே மாதிரி நுட்பமான இணை. ‘ஃபேர்லி வார்ம்’ என்றால் அறை வசதியான கதகதப்பில் இருக்கிறது. ‘ராதர் வார்ம்’ என்றால் ஜன்னலைத் திறக்கலாமே என்ற குறிப்பு. வெப்பமானியில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். சொல்பவருக்கு அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைத்தான் வினையடை சொல்கிறது. அளவைச் சொல்வதாகத் தோன்றும் சொல் உண்மையில் மனநிலையைச் சொல்கிறது என்ற இந்தச் செய்தி எந்தப் பட்டியலிலும் அடங்காது.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கு இடறும் இடம் ‘டூ’. ‘டீ ரொம்பச் சூடா இருக்கு’ என்றால் சூடாக, சுவையாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், வாய் வைக்க முடியவில்லை என்றும் கொள்ளலாம். சூழல் பார்த்துக் கேட்பவர் முடிவு செய்துகொள்வார். ஆங்கிலம் இங்கே பேசுபவரை முன்கூட்டியே முடிவெடுக்க வைக்கிறது. ‘வெரி ஹாட்’ என்பது அளவு மட்டும். ‘டூ ஹாட்’ என்றால் ஏதோ ஒரு நோக்கம் கெடும் அளவுக்குச் சூடு. அந்த நோக்கத்தைப் பின்னால் சேர்த்தால் ‘டூ ஹாட் டு ட்ரிங்க்’ என்ற முழு அமைப்பு வந்துவிடும். ‘டூ ஹாட் டு ட்ரிங்க் இட்’ என்று கடைசியில் ‘இட்’ சேர்ப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. வாக்கியத் தொடக்கத்தில் உள்ள தேநீரே ‘ட்ரிங்க்’ வினைக்குச் செயப்படுபொருளாக நிற்பதால் இன்னொரு ‘இட்’டுக்கு அங்கே இடமில்லை.

ரென், மார்ட்டின் இருவர் பெயரில் இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாக நிலைத்திருக்கும் இலக்கண நூலில் வாக்கிய மாற்றப் பயிற்சிகளுக்குள் ‘டூ’வை நீக்கி எழுதும் பயிற்சி இருக்கிறது. ‘டூ வீக் டு வாக்’ என்பதை ‘ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்’ என்று மாற்ற வேண்டும். இந்தப் பயிற்சியை நான் மதிக்கிறேன். ‘டூ’வுக்குள் ஓர் எதிர்மறை ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மாற்றியதும் ‘நாட்’ வெளியே வந்து நிற்கிறது. தேநீர் வாக்கியத்தில் அதோடு ‘இட்’டும் திரும்பி வருகிறது: ‘ஸோ ஹாட் தட் ஐ கேனாட் ட்ரிங்க் இட்’. குறை என்னவென்றால், பயிற்சி இயந்திரத்தனமாக நடந்து, பொருள் கைவிடப்படுகிறது. பத்து வாக்கியங்களைத் தவறில்லாமல் மாற்றிய மாணவர், வகுப்பை விட்டு வெளியே வந்ததும் ‘தி ஃபிலிம் வாஸ் டூ குட்’ என்கிறார். இந்திய ஆங்கிலத்தில் இது பாராட்டாகவே வேரூன்றிவிட்டது. நண்பர்களுக்குள் இது குற்றமில்லை. ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று ஆங்கிலேயரும் உபசாரமாகச் சொல்வதுண்டு. ஆனால் வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘யுவர் ப்ரைஸ் இஸ் டூ லோ’ என்று எழுதினால், விலை கட்டுப்படியாகாது என்ற மறுப்பாகவே அது படிக்கப்படும்.

‘இனஃப்’ இந்தக் குடும்பத்தில் தனி வழியில் போகிறது. மற்ற அளவு வினையடைகள் பெயரடைக்கு முன்னால் நிற்க, இது பின்னால் நிற்கும்: ‘ஓல்ட் இனஃப்’, ‘குட் இனஃப்’. பெயரோடு சேரும்போது முன்னால் வரும்: ‘இனஃப் மணி’. தமிழில் ‘போதுமான’ எப்போதும் முன்னால் வருவதால் ‘இனஃப் ஓல்ட்’ என்று வாய் போகிறது. இதற்குப் பொருளில் காரணம் தேடிப் பயனில்லை. இடத்தை மனப்பாடம் செய்வதே வழி.

அடுத்தது தமிழருக்கே உரிய சிக்கல், வகுப்பறைகளில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன். தமிழில் ‘ஆன’ சேர்ந்தால் பெயரடை, ‘ஆக’ சேர்ந்தால் வினையடை என்று படிக்கிறோம். அழகான பூ, அழகாகப் பாடினாள். ஆங்கிலத்தில் ‘லி’ சேர்ப்பதற்கு இது நேர் இணையாகத் தெரிகிறது. ஆனால் ‘பூ அழகாக இருக்கிறது’ என்கிறோமே, அங்கே ‘ஆக’ ஏன் வந்தது? பூவின் தன்மையைத்தான் சொல்கிறோம். ‘இரு’ என்ற வினையோடு சேரும்போது தமிழ் தன்மைக்கும் ‘ஆக’ உருவத்தையே பயன்படுத்துகிறது. ஆங்கிலம் அப்படிச் செய்யாது. ‘தி ஃப்ளவர் இஸ் ப்யூட்டிஃபுல்’ என்று பெயரடையையே வைக்கும். ‘ஆக’ என்றால் ‘லி’ என்று கணக்குப் போட்டவர் ‘தி ஃபுட் ஸ்மெல்ஸ் நைஸ்லி’, ‘ஹி லுக்ஸ் சேட்லி டுடே’ என்று எழுதுகிறார். ‘வாசனை நன்றாக இருக்கிறது’ என்ற தமிழ்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’, ‘ஃபீல்’ ஆகிய ஐந்தும் இரண்டு வேலை செய்பவை. ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவர் முகம் கோபமாகத் தெரிந்தது. கோபம் அவருடைய நிலை. ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மி’ என்றால் கோபத்தோடு என்னைப் பார்த்தார்; கோபம் பார்வையின் விதம். தமிழில் ‘கோபமாகத் தெரிந்தார்’, ‘கோபமாகப் பார்த்தார்’ என்று வினை மாறுகிறது, ‘கோபமாக’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்க அடை மாறுகிறது. வினையை எடுத்துவிட்டு ‘வாஸ்’ வைத்துப் பார்த்து வாக்கியம் பொருள் தந்தால் அங்கே பெயரடைதான் வர வேண்டும் என்பது எளிய சோதனை.

‘லி’யே நம்பத் தகுந்த அடையாளம் இல்லை. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’, ‘எல்டர்லி’ எல்லாம் பெயரடைகள். மறுபக்கம் ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’, ‘லேட்’ ஆகியவை ‘லி’ இல்லாமலே வினையடையாக நிற்கும். பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ஓர் எகர ஒலி சேர்த்து வினையடை ஆக்கும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் அந்த இறுதி ஒலி தேய்ந்து மறைந்தபோது இரண்டு உருவங்களும் ஒன்றாகிப்போயின. ‘லி’ பிறகு பரவலான விதியாகி அந்த இடத்தை நிரப்பியது. பழைய உருவமும் புதிய உருவமும் சேர்ந்து வாழ்ந்த இடங்களில் பொருள் பிரிந்தது: ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார், ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்று சொல்லலாம்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் ‘எக்ஸீடிங் கோல்ட்’ என்று ‘லி’ இல்லாமல் எழுதத் தயங்கவில்லை. 1762இல் வெளியான ராபர்ட் லோத்தின் இலக்கணம் பெயரடையை வினையடையாகப் பயன்படுத்துவதைத் தவறு என்றது. பள்ளிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்கப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கும் ‘ரியல் குட்’ எழுத்தில் கண்டிக்கப்படுவதற்கு இந்த மரபே காரணம்.

அளவுகோல் பொருந்தினாலும் போதாது, பழக்கமும் ஒத்துவர வேண்டும் என்று சொன்னேன். தமிழில் செக்கச்செவேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல் என்கிறோம். ‘செக்கவெளேர்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. முட்டாளுக்கு ‘வடிகட்டின’ வரும், அறிவாளிக்கு வராது. இருட்டு ‘கும்’மோடுதான் சேரும். ஆங்கிலத்திலும் இதே நிலை. தூக்கத்தில் ஆழ்ந்தவர் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, விழித்திருப்பவர் ‘வைட் அவேக்’. இருட்டு ‘பிட்ச் டார்க்’, புத்தம் புதியது ‘ப்ராண்ட் நியூ’. ஏமாற்றம் ‘பிட்டர்லி டிஸப்பாயின்டட்’, வருத்தம் ‘டீப்லி ஸாரி’, நடக்க வாய்ப்பில்லாதது ‘ஹைலி அன்லைக்லி’. ‘டீப்லி அன்லைக்லி’ என்றால் இலக்கணம் கெடவில்லை, மொழி கெடுகிறது.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையால் அறியலாம் என்று 1950களில் ஜே. ஆர். ஃபர்த் வலியுறுத்தினார். அந்தச் சிந்தனையைக் கணினியில் சேகரித்த பெருந்தொகை உரைகளின் மேல் செலுத்தியவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர். அவர் தலைமையில் உருவான ‘கோபில்ட்’ அகராதி 1987இல் வெளிவந்தது. 1993இல் பில் லோவ் எழுதிய கட்டுரை, ‘அட்டர்லி’ என்ற சொல் பெரும்பாலும் விரும்பத்தகாத தன்மைகளோடுதான் சேர்கிறது என்று உரைத்தொகையைக் கொண்டு காட்டியது. அகராதியில் அதன் பொருள் ‘முழுவதும்’ என்றுதான் இருக்கும். ‘சுத்த’ என்ற தமிழ்ச் சொல்லை எண்ணிப் பாருங்கள். ‘சுத்தச் சோம்பேறி’, ‘சுத்தப் பைத்தியக்காரத்தனம்’ என்று ஓடும் நாக்கு, உழைப்பாளி ஒருவரைச் சொல்லும்போது அந்த அடையைத் தொடுவதில்லை. இப்படிப்பட்ட சாய்வு சொல்லின் பொருளில் ஒரு பகுதி. அதை வரையறையிலிருந்து கற்க முடியாது, வாசிப்பிலிருந்துதான் கற்க முடியும்.

எல்லா வினையடையும் அளவைச் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘பொலிட்டிக்கலி ரிஸ்கி’ என்பதில் முதல் சொல் எந்தக் கோணத்தில் ஆபத்து என்று சொல்கிறது. ‘சர்ப்ரைஸிங்லி சீப்’ என்பதில் விலையைப் பற்றிப் பேசுபவருடைய வியப்பு இருக்கிறது. ‘க்வைட்லி கான்ஃபிடென்ட்’ நம்பிக்கையின் விதத்தைச் சொல்கிறது. செய்தி எழுத்தில் இவை மிகவும் பயன்படும், ஒரு முழு வாக்கியத்தின் வேலையை இரண்டு சொற்களில் முடித்துவிடும்.

அளவு வினையடைகளின் வரலாறு ஒரு தேய்மானத்தின் வரலாறு. மொழி எப்போதும் அழுத்திச் சொல்ல விரும்புகிறது. அழுத்திய சொல் பழகப் பழக வலுவிழக்கிறது, புதிய சொல் தேவைப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்தது ‘ஸ்வீதெ’. வலிமையாக என்று பொருள். அது மறைந்தது. ‘ஃபுல்’, ‘ரைட்’, ‘வெல்’ ஆகியவை முன்னுக்கு வந்தன. ‘ரைட் ஆனரபிள்’ என்ற பட்டத்திலும் ‘வெல் அவேர்’ என்ற தொடரிலும் அவற்றின் எச்சம் இருக்கிறது. ‘வெரி’ பிரெஞ்சிலிருந்து உண்மையான என்ற பொருளில் வந்தது. உண்மையில் என்று பொருள்படும் ‘ரியலி’யும் அதே பாதையில் அளவுச் சொல்லாகிவிட்டது. அச்சத்தைக் குறித்த ‘டெரிப்லி’, ‘ஆஃபுலி’ ஆகியவையும் இன்று ‘ஆஃபுலி நைஸ்’ என்று இனிமைக்கு முன்னால் நிற்கின்றன. நம் இளைஞர்களின் ‘பயங்கர டேஸ்ட்’ இதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. ‘நிரம்ப’ என்பதே பேச்சில் ‘ரொம்ப’ ஆனது. யாழ்ப்பாணத்தில் ‘சரியான குளிர்’ என்கிறார்கள்; அங்கே ‘சரி’ அளவுச் சொல்லாகிவிட்டது. தொல்காப்பியம் மிகுதிப் பொருள் தருவனவாக உறு, தவ, நனி மூன்றையும் எடுத்துச் சொல்கிறது. இன்று ‘உறுதுணை’ போன்ற சில தொடர்களுக்கு வெளியே அவற்றைப் பேச்சில் கேட்பது அரிது.

கார்னெலிஸ் ஸ்டோஃபெல் 1901இலேயே ஆங்கில அளவுச் சொற்களுக்கென ஒரு நூல் எழுதினார். நூறு ஆண்டுகள் கழித்து ரிகா இட்டோவும் சாலி தாக்லியமோந்தேயும் இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதியவர்கள் ‘வெரி’யை விரும்ப, இளையவர்களிடம் ‘ரியலி’ ஓங்கி நின்றது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், வயதை வைத்தே மாற்றத்தைப் பார்க்க முடிந்தது. தாக்லியமோந்தே கிறிஸ் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 2005இல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் உரையாடலை எண்ணிப் பார்த்தபோது ‘ஸோ’ முதலிடத்தில் இருந்தது. பெண் பாத்திரங்கள் அதை அதிகம் பயன்படுத்தினர். நம் பாடப்புத்தகங்களோ இன்னும் ‘வெரி’யைத்தான் ஒரே நண்பனாக அறிமுகம் செய்கின்றன. ‘ஸோ’வுக்குப் பின்னால் ‘தட்’ வந்தே தீர வேண்டும் என்று படித்த மாணவருக்கு, ‘ஐயாம் ஸோ டயர்ட்’ என்று முடிந்துவிடும் வாக்கியம் அரைகுறையாகத் தோன்றும்.

ஆங்கிலம் கற்பவர்களுக்காக அகராதி செய்யும் மரபில் ஏ. எஸ். ஹார்ன்பிக்குப் பெரிய இடம் உண்டு. ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது அவர் தயாரித்த அகராதி அங்கே 1942இல் வந்தது, ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் வெளியிட்டது. சொற்களைத் தனியே தராமல் வாக்கிய அமைப்போடு தர வேண்டும் என்பது அவர் கொள்கை. 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதி அதன் நீட்சி. ஒரு பெயரடையைத் திறந்தால் அதோடு சேரும் வினையடைகள் அங்கே அணிவகுத்திருக்கும். பள்ளி நூலகங்களில் பொது அகராதிக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் தருவது கட்டாயம் என்பேன்.

இப்படி ஒரு பாடத்தைத் தொடங்க வேண்டுமென்றால் நான் ‘டிஃபரென்ட்’ என்ற சொல்லை எடுப்பேன். இரண்டு அளவுகோல்களிலும் ஏறும் அரிய சொல் அது. ‘ஸ்லைட்லி டிஃபரென்ட்’, ‘வெரி டிஃபரென்ட்’, ‘கம்ப்ளீட்லி டிஃபரென்ட்’ மூன்றும் இயல்பு. ‘க்வைட் டிஃபரென்ட்’ என்றால் இங்கே ‘ஓரளவு’ என்ற பொருள் பெரும்பாலும் விலகி ‘முற்றிலும் வேறு’ என்றாகிவிடும். மறுக்கும்போது வேறு துணைகள் வருகின்றன: ‘நோ டிஃபரென்ட்’, ‘நாட் எனி டிஃபரென்ட்’, ‘நாட் மச் டிஃபரென்ட்’. ‘நோ பிக்’ என்றோ ‘நாட் எனி பிக்’ என்றோ சொல்ல முடியாது. ஆனால் ‘பெட்டர்’, ‘பிக்கர்’ போன்ற ஒப்பீட்டு உருவங்களோடு இதே துணைகள் வரும்: ‘நோ பெட்டர்’, ‘நாட் மச் பிக்கர்’. ‘வெரி பெட்டர்’ என்பதற்குப் பதிலாக ‘மச் பெட்டர்’ என்று சொல்ல வேண்டிய இடமும் இதுவே. ‘டிஃபரென்ட்’ உருவத்தில் சாதாரணப் பெயரடை. ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருளே வரும், அதனால் துணை தேடும்போது ஒப்பீட்டுச் சொற்களின் வீட்டுக்கும் போய்வருகிறது.